மடியில் வாங்க வேண்டிய மண்

“கடல் தாண்டிப் போயி அடுத்தவுகளுக்குக் குடுக்குறதுக்கு நம்மகிட்ட என்னத்தா இருக்கு?” என்று ஐயா கேட்டார்.

என் பாஸ்போர்ட் அப்போது அவர் கையில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பாஸ்போர்ட் அது. அதற்கு முன் வந்த முதல் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், முதல் பட்டம், முதல் வேலை உத்தரவு எல்லாமே என் பேரில் வந்தவைதான். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; நூல் மில்லில் லோடு ஏற்றுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. என் படம் இருந்த பக்கத்தில் விரல் படாமல் பிடித்துப் பார்த்து, மூடிக் கொடுத்தார்.

“பொருளாத்தான் குடுக்கணுமா? படிச்சிருக்கேன்ல” என்றேன்.

“அங்க பள்ளிக்கூடமே இல்லையாக்கும்.”

ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தேன். எரிச்சல் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

எங்கள் வீடு பாளையம்பட்டியில். ஆறாம் வகுப்பிலிருந்து அருப்புக்கோட்டையில் சர்ச் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தேன். ஜெபம் செய்யக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். என்னைப் பார்க்க வந்து வந்து அம்மாவும் சர்ச்சுக்கு வர ஆரம்பித்தாள். ஐயா வரவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஸ்கூட்டர் டயரை அமுக்கிப் பார்த்து, காற்று இருக்கிறது என்று தலையாட்டுவார். அதற்கு மேல் எங்கள் சாமியைப் பற்றி அவரும் பேச மாட்டார், அவருடைய சாமியைப் பற்றி நாங்களும் பேச மாட்டோம்.

அந்த மே மாதம் எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் ஊழியத்துக்குப் போனோம். அங்கிருந்த சின்னச் சபை எங்களை அழைத்திருந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, வாசிப்பில் பின்தங்கியவர்களுக்குப் பாடம் எடுப்பது, வகுப்பறைக்கு வர்ணம் அடிப்பது, வீடு வீடாகப் போய் ஜெபிப்பது என்று திட்டம். குழுத் தலைவி மதுரையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். வாசிப்புப் பாடத்தை அக்கா என் பொறுப்பில் விட்டிருந்தார். நான் அருப்புக்கோட்டையில் தனியார் பள்ளியில் ஆசிரியை. எட்டுப் பேரில் எனக்குத்தான் அந்தத் தகுதி என்று அக்கா கூட்டத்தில் சொன்னதை ஒரு வாரம் மனசுக்குள் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தேன்.

போய் இறங்கியதும் தண்ணீர்தான் என்னை நிலைகொள்ளாமல் செய்தது. எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற தண்ணீர் அங்கே படிக்கட்டில் கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாளி வைத்துப் பிடிக்க வேண்டும்போல் கை துடித்தது.

வர்ணம் அடிக்கப் போன வகுப்பறை பளிச்சென்று இருந்தது. போன வாரமே தோட்டத்து ஆண்கள் அடித்துவிட்டார்களாம். அந்தச் சபையின் பெரியவர் வெட்கத்தோடு சொன்னார்: “விருந்தாளிங்க வர்ற நேரத்துல அழுக்காக் கெடந்தா நல்லாவா இருக்கும்?” நாங்கள் கொண்டுபோன பிரஷ்களை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுச்சுவருக்கு அடித்தோம். அதற்கும் அவர்களே ஏணி பிடித்தார்கள்.

வாசிப்புப் பாடத்துக்கு நாற்பது அட்டைகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி நாற்பதையும் மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, “முடிஞ்சுதா மிஸ்?” என்று கேட்டாள். பின்தங்கியவர்கள் என்று யாரும் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர ஒரு பெண் தோட்டத்திலேயே இருந்தாள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தந்தாள்.

பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் பிடித்திருந்தன. சிரித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். அது பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து உட்காரும்போது, நான் வராமல் இருந்திருந்தால் இங்கே எது நின்றுபோயிருக்கும் என்ற கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார முடியாமல் எழுந்து பாத்திரம் கழுவப் போவேன். அங்கேயும், “வைங்க மிஸ், நாங்க பாத்துக்குறோம்” என்று பிடுங்கிவிடுவார்கள்.

மதியச் சாப்பாடு இரண்டிரண்டு பேராக லயத்து வீடுகளில். ஒரு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். ஏழாம் நாள் என்னோடு வர வேண்டியவளுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். அந்த வீட்டுக்காரி கொழுந்து பறிக்கிறவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

“மிஸ்ஸுக்கு ஊரு எந்தப் பக்கம்?”

“அருப்புக்கோட்டை.”

“அது எங்குட்டு இருக்கோ. பரளச்சி தெரியுமா?”

சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டேன். “எங்க வீட்டுலருந்து ஸ்கூட்டர்ல போயிருவேன்க்கா.”

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார். “இந்தாங்க, ஓடி வாங்க. ஒங்க ஊர்லருந்து ஆள் வந்து நம்ம வீட்டுல சோறு திங்குது.”

புருஷன் தேயிலை ஆலையில் வேலை செய்கிறவர். வந்து நிலைப்படியில் நின்றார். பேசியதெல்லாம் மனைவிதான். புருஷனுடைய முப்பாட்டன் காலத்தில் பரளச்சிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வரும்போது குலசாமி கோயிலில் பிடிமண் வாங்கி வந்து, லயத்துக்கு மேலே மரத்தடியில் வைத்து, கல் நட்டு, கருப்பனாகக் கும்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் மண்சரிவு. உயிர்ச்சேதம் இல்லை. சாமி இருந்த இடம் மட்டும் மரத்தோடு கீழே போய்விட்டது.

“வேற கல்லு நடலாம்ல?” என்று கேட்டேன்.

புருஷன் அப்போதுதான் வாய் திறந்தார். “பழைய எடத்து மண்ணு இல்லாம நட்டா அது கல்லுதாங்க மிஸ். சாமி இல்ல.”

உள்ளே அவர்களுடைய பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு வயசு நெருங்குகிறது. பிறந்த முடி இன்னும் எடுக்கவில்லை. கண்ணை மறைத்து விழுகிற முடியை ரப்பர் வளையம் போட்டு உச்சியில் கட்டியிருந்தார்கள். சாமி முன்னால்தான் இறக்க வேண்டும். சாமி இல்லை.

“வருசத்துக்கு ஒரு தடவ குதுரவாலிப் பொங்கல் வைப்போம், உப்பே போடாம. குதுரவாலின்னா என்னான்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது மிஸ். பச்சரிசியத்தான் போட்டு அந்தப் பேரச் சொல்லிப் படைக்கிறோம். எம் மருமக கேக்குறா, குதுர வால வெட்டியா அத்த சமைச்சாங்கன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது தானியம்க்கா. சின்னதா இருக்கும். எங்கம்மா வாரத்துக்கு ரெண்டு தடவ பொங்குவா.”

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். எச்சில் கை. “அந்தக் கோயிலக் கண்டுபிடிச்சு ஒரு கைப்புடி மண்ணு வாங்கித் தருவீங்களா?”

“கண்டுபிடிச்சுத் தாரேன்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வந்து ஏழு நாளில் என்னால் மட்டும் முடிகிற ஒன்றை முதல்தடவையாக ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில், நான் எதற்காக வந்தவள், யாரோடு வந்தவள் என்பதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. படி இறங்கும்போதுதான் வந்தது. குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். வர்ணம் அடித்த கதையைச் சொன்னேன். சபை சிரித்தது. நாற்பது அட்டைக் கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார்கள். மண் கதையைச் சொல்லவில்லை. இடத்தில் வந்து உட்கார்ந்ததும் என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. அம்மா என் முழங்காலில் கை வைத்து அமுக்கினாள்.

பள்ளி திறந்தது. மலைநாட்டிலிருந்து நாலைந்து நாளுக்கு ஒரு குரல் செய்தி வரும். “மிஸ், சொகமா? ஒண்ணும் அவசரமில்ல. சும்மாதான் கேட்டேன்.” அவசரமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு நின்றுவிடுவேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, பரளச்சிப் பக்கம் கிளம்பிவிடுவேன். ஆனி மாதக் காற்று ஸ்கூட்டரைச் சாய்க்கும். ஊருக்கு நாலு கருப்பன் இருக்கிற சீமை எங்களுடையது. எந்தக் கருப்பனுக்கு உப்பில்லாத குதிரைவாலிப் பொங்கல் என்று கேட்டுக்கொண்டு அலைந்தேன். டீக்கடையில் நிறுத்திக் கேட்டால் எதிர்க்கேள்விதான் வரும்.

“கணக்கெடுக்க வந்தீகளா டீச்சர்? வீடு கட்ட லோனு வருதா?”

“இல்லண்ணே, ஒரு கோயிலு.”

“எந்த ஊருப் புள்ள நீ? யாரு வீடு?”

சொல்வேன். தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பார்கள். என் கைப்பையில் வேதாகமத்தின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். “ஒங்க சாமிக்கு எப்பயிருந்து பொங்கலு வைக்கிறாக?” என்று ஒருவர் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். கண்மாய்க் கரைகள், சீமைக்கருவேலங் காடு, மூன்று ஊர், நாலு ஞாயிறு. கோயில் கிடைக்கவில்லை.

நாலாவது ஞாயிறு முகமெல்லாம் புழுதியோடு வந்து வண்டியை நிறுத்தினேன். ஐயா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“வாரா வாரம் எங்க போற?”

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். ஐயா சிரித்தார்.

“என்கூட லோடு தூக்குறானே, அவன் சாமிதான அது. வருசா வருசம் அந்த உப்பில்லாப் பொங்கலக் கொண்டாந்து குடுப்பான். வாயில வைக்க முடியாது. என்னயக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பேன்ல.”

மூன்று மாவட்ட வரைபடங்களை போனில் இறக்கி வைத்திருந்த நான், வீட்டில் இருந்த மனிதரிடம் கேட்கவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகம் கழுவ உள்ளே போய்விட்டேன்.

அடுத்த செவ்வாய் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. ஐயா சொன்ன அடையாளத்தில் போனேன். பரளச்சியைத் தாண்டி, மண் பாதையில், குதிரைவாலி விதைக்க உழுது போட்டிருந்த கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு மேடை, நாலு கல், துருப்பிடித்த அரிவாள்கள். ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கரண்டியும் கொண்டுபோயிருந்தேன். டப்பாவின் மேல் ஊர்ப் பேரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தேன். செருப்பைக் கழற்றினேன். கும்பிடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன். கும்பிடவில்லை. குனிந்து மேடை ஓரத்தில் கரண்டியை வைத்தேன்.

“ஏத்தா! யாரது? என்ன பண்ற?”

பாதையில் ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஓட்டுநர் இறங்கி வேகமாக வந்தார். அவர்தான் அந்தக் கோயிலின் பூசாரி. வெள்ளிக்கிழமை பூசாரி, மற்ற நாளில் பந்தல்குடிக்கு லோடு அடிப்பவர்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இலங்கை, மண்சரிவு, பேரனின் முடி. அவர் என் டப்பாவை வாங்கி, ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

“மண்ணு பரிசோதனைக்கு அனுப்புறாப்புலயில்ல எழுதிருக்க. நீ அள்ளிட்டுப் போனா இது என்ன தெரியுமா? காட்டு மண்ணு. ரோட்டுப் பள்ளத்துல கொட்டலாம்.”

“சாமி எடத்துலருந்துதான எடுக்குறேன்.”

“எடுக்கக் கூடாது தாயி. குடுக்கணும். நான் எடுத்துக் குடுக்கணும், கொண்டு போற பங்காளி ஒருத்தன் நேர்ல வந்து துண்ட விரிச்சு மடியில வாங்கணும். கொரியரு, டப்பா, வேத்தாளு கை, இதுக்கெல்லாம் வாராது. நீ நல்ல புள்ளயா இருக்கலாம். ஆனா நீ பங்காளி இல்லையே.”

எனக்கு ஆத்திரம் வந்தது. நாலு ஞாயிறு அலைந்தவள் நான். வாதாடினேன். அவர் பீடியைப் பற்ற வைக்கப் போய், கோயில் என்று நினைவு வந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேறு வழி தெரியாமல் மலைநாட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அந்த அக்கா எடுத்தார். புருஷனைக் கூப்பிடச் சொன்னேன். போனைப் பூசாரியிடம் கொடுத்தேன்.

பூசாரி விசாரணை அதிகாரிபோல் கேட்டார். “பொங்கலுக்கு உப்பு உண்டா?”

“இல்லீங்க.”

“எந்த இலையில படைப்பீக?”

“எருக்கெலங்க. இங்க எருக்கு கெடைக்காது. அந்தப் பேரச் சொல்லி வாழையெலையில வைக்கிறோம்.”

“படைச்சதுக்குப் பெறகு?”

“திரும்பிப் பாக்காம வந்துருவோம். பொம்பளைங்க மொத, ஆம்பளைங்க பின்னால.”

பூசாரி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். “ஏலே, நம்ம பயதானய்யா நீ” என்றார். “கெளம்பி வா. எந்த வெள்ளிக்கெழமைனாலும் தாரேன்.” பிறகு போனை என்னிடம் நீட்டினார். திரையில் அந்த அக்காவின் முகம் வந்தது. அழுதுகொண்டே கேட்டார்: “வாறதுன்னா எப்பிடி மிஸ்? எங்களுக்கு அங்க யாரத் தெரியும்? ஒங்களத்தான தெரியும்.”

காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் அவர்கள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். லயத்தில் இருந்த பங்காளி வீடுகள் எல்லாம் சேர்ந்து புருஷன் மனைவி இருவரையும் அனுப்பத் தயாரானார்கள். அதற்குள் செய்தி குழுத் தலைவி அக்காவுக்கும் போய்விட்டது. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி அங்கிருந்த சபைக்குத் தெரியாமல் இருக்குமா? மதுரையிலிருந்து குழுக் கூட்டத்துக்கு வந்தவர், முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார்.

“நாம அங்க சுவிசேஷம் கொண்டு போனோமா, சாமி மண்ணுக்கு ஆர்டர் புடிக்கப் போனோமா?”

“அவங்க கேட்டாங்கக்கா. நான் சரின்னு சொல்லிட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அக்கா கோபமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் இறங்கியது. “உன் விசுவாசத்த நான் சந்தேகப்படல. அந்தச் சபைய யோசிச்சுப் பாரு. மொத்தம் பதினேழு குடும்பம். சொந்தக்காரங்ககிட்ட பேச்சு வாங்கித்தான் ஆராதனைக்கு வர்றாங்க. நாம ஜெபிக்க வந்துட்டு சாமியும் கொண்டாந்து குடுத்தோம்னா, அவங்க பட்டதுக்கு என்ன அர்த்தம்?”

அது நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. என் விசுவாசம் ஒரு கைப்பிடி மண்ணில் கரைந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்கா கேட்டது அதை அல்லவே.

“அடுத்த வருசம் வாசிப்புப் பாடம் மட்டும் இல்ல, பிள்ளைகள் ஊழியம் மொத்தத்தையும் உன்கிட்ட குடுக்கலாம்னு இருந்தேன்” என்றார் அக்கா. “நீ இதுல இருந்து விலகிட்டா லிஸ்ட்டுல உன் பேரு இருக்கும். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு.”

எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை, ரொம்பவே வேண்டும். இந்தத் தடவை என்ன கொண்டுபோக வேண்டும், எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த வாரம் முழுவதும் நோட்டை எடுப்பேன், வைப்பேன். ஜெபிக்க முழங்காலிட்டால் ‘ஒங்களத்தான தெரியும்’ என்ற குரல் குறுக்கே வரும். நான் விலகிக்கொண்டால் அக்காவுக்கு வேறு ஆள் கிடைப்பாள். அவர்களுக்கு இந்தக் கரையில் வேறு யாரும் கிடைக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் நாலு நாள் ஓடியது பயத்தில்தான்.

வியாழக்கிழமை வீட்டில் சொன்னேன்.

“வாரவுக எங்க படுப்பாக?” என்று கேட்டார் ஐயா.

“நீங்களும் அவரும் வெளிய படுத்துக்கிருங்க. அந்தம்மா என் பக்கத்துல படுக்கட்டும்” என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். “சர்ச்சுல கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“விருந்தாளின்னு சொல்லும்மா.”

“ம்” என்றாள் அம்மா. அவளுக்கு அது முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் கொடியில் கிடந்த இரண்டு போர்வைகளை எடுத்து ஊற வைத்தாள்.

நேற்று மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவர்கள் இருவருக்கும் விசா விண்ணப்பத்தை போனில் நிரப்பினேன். அந்தப் பக்கமிருந்து பாஸ்போர்ட் எண்ணை மலைநாட்டு அக்கா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். இந்தியாவில் உங்களை அறிந்தவர் யார் என்று கேட்கிற இடத்தில் என் பேரையும் பாளையம்பட்டி முகவரியையும் எழுதி அனுப்பினேன். பிறகு குழுத் தலைவிக்குச் செய்தி எழுதினேன்: ‘அக்கா, அவர்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டில்தான் தங்குகிறார்கள். கோயிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். என் பேரை எடுத்துவிடுங்கள்.’ கடைசி வரியை இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை எழுதி, அதையும் அனுப்பிவிட்டேன்.